ரூத் அம்மாளின் குழிக்கண்ணாடி

ரூத் அம்மாள் காலமான செய்தியை எனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கமிட்டி அங்கத்தினர்கள் வீட்டுக்கெல்லாம் பியூன் சைக்கிளில் போயிருக்கிறான். அவருக்கு அடுத்த அறையில் இத்தனை வருஷம் பாடம் நடத்திய தமிழ்ப் பண்டிதன் ஒருவன் அலசூரில் உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும் அவர்களுக்கு மறந்துபோயிற்று. எனக்குச் செய்தி கொண்டுவந்தவள் முனியம்மா. காலைப் பூஜையை முடித்துக் காபியைக் கையில் எடுத்தபோது வாசலில் வந்து நின்றாள். பள்ளியில் பெருக்கித் துடைக்கும் ஆயா அவள். அதற்கு முன் என் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

"சாமி, நம்ம ரூத்தம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே உசுரு போயிடுச்சாம். உங்களுக்கு யாரும் சொல்லிருக்க மாட்டாங்கன்னு நானே ஓடி வந்தேன்."

உட்கார் என்றேன். "பேடா சாமி" என்று ஆனேக்கல் கன்னடத்தில் மறுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். காபி ஆறிப்போயிற்று. நானும் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

மறுவாரம் பள்ளி மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பள்ளியின் மானேஜர் தலைமை வகித்துப் பேசியதைக் கேட்டீர்கள். பேர் எழுதமாட்டேன், பட்டாளத்தார் குடியிருந்த இந்தத் தண்டுப் பகுதியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. "அம்மையார் தாமாகவே விஞ்ஞான வகுப்பை விட்டுவிட்டுத் தையல் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய சாந்த குணத்துக்கு ஊசியும் நூலுமே உகந்ததாக இருந்தது" என்றார். நீங்களும் தலையை ஆட்டினீர்கள். அப்போது கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது நெசமில்ல."

முனியம்மாதான். நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ கையை அசைத்து உட்காரச் சொன்னார்கள். உட்கார அவளுக்கு நாற்காலியே போட்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம். "நான் இருந்தேனே, எனக்குத் தெரியாதா?" என்றாள். மானேஜர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். நான் எழுந்து பேச வாய் திறந்தேன். நேரமாகிவிட்டது பண்டிதரே என்று ஒருவர் என் தோளைத் தொட்டார்; அதற்குள் ஆர்மோனியம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்ல நேரம் இருந்தது, நிஜம் சொல்ல நேரம் இல்லை. வாயால் சொல்ல விடாததை எழுத்தால் சொல்கிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அஞ்சலிக்குக் கோபம் அழகில்லை என்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

ரூத் அம்மாளை நான் முதலில் அறிந்தது ஒரு கரண்டியின் மூலம். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆசிரியர் அறையில் தேநீர் நேரம். ஹாஸ்டல் சமையலறையிலிருந்து வந்த பெரிய கரண்டி ஒன்றைச் சேலைத் தலைப்பால் பளபளவென்று துடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பண்டிதரய்யா, இதுல பாருங்க." பார்த்தேன். என் தலைப்பாகை கீழேயும் தாடை மேலேயுமாக, நெற்றியில் இட்ட திருநீறு உட்பட, முழுப் பண்டிதனும் தலைகீழாகத் தொங்கினேன். கரண்டியைத் திருப்பி முதுகுப் பக்கத்தைக் காட்டினார். இப்போது நேராக இருந்தேன், ஆனால் சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்திருந்தேன்.

"கேலி பண்றீங்களா அம்மா?"

"கொஞ்சம் கேலிதான். ஆனா காரணமும் சொல்வேன். உட்காருங்க."

காரணம் சொன்னார். தட்டையான கண்ணாடியில் பட்ட வெளிச்சம் ஒழுங்காக ஒரே மாதிரி திரும்பிப் போகிறது. வளைந்த கண்ணாடியும் அதே விதியைத்தான் பின்பற்றுகிறது. ஒவ்வொரு இடத்திலும் அது வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு கதிரும் வேறொரு பக்கம் திரும்புகிறது. குழிந்த பக்கத்தில் பட்டவை உள்நோக்கி வந்து ஓரிடத்தில் கூடுகின்றன. புடைத்த பக்கத்தில் பட்டவை ஆளுக்கொரு திசையில் பிரிந்து ஓடுகின்றன. இலக்கணத்தைத் தவிர வேறெதுவும் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. அதை அவரிடம் சொன்னபோது, "இதுவும் இலக்கணந்தான், வெயிலோட இலக்கணம்" என்றார்.

அந்த நாட்களில் பெண் குழந்தைகளுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்காத தகப்பன் இந்த ஊரில் இல்லை. ரூத் அம்மாள் வீடு வீடாகப் போனார். லிங்கராஜபுரத்திலிருந்து நடந்தே வருவார், நடந்தே போவார். கமிட்டியிடம் கேட்டுக் கேட்டு, மறுக்கப்பட்டு, மறுபடி கேட்டு, மாடியில் தெற்குப் பார்த்த ஓர் அறையை வாங்கினார். சாமான் வாங்கிக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சீமைக்குத் திரும்பிப் போகிற பட்டாளத்துத் துரைமார்களின் தட்டுமுட்டுச் சாமான் ஏலம் போகும் இடங்களில் நின்று, மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதையெல்லாம் பொறுக்கி வந்தார். அப்படி வந்ததுதான் அந்தக் குழிக்கண்ணாடி. யாரோ ஒரு துரை சவரம் செய்துகொள்ள வைத்திருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், பித்தளைச் சட்டம். பக்கத்தில் போனால் முகம் பூசணிக்காய் போலப் பெரிதாகத் தெரியும். கொஞ்சம் பின்னே போனால் எல்லாம் கலங்கி ஒன்றுமே புரியாது. இன்னும் பின்னே போனால் ஆள் தலைகீழ்.

பெண்கள் வரிசையில் நின்று முன்னும் பின்னும் நடந்து பார்த்துச் சிரிப்பார்கள். கண்ணாடி சரியில்லை மிஸ் என்று ஒருத்தி சொன்னபோது அவர் சொன்ன பதிலை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். "கண்ணாடியக் குத்தம் சொல்லாத. நீ எங்க நிக்கிறேன்னு பாரு." பிற்பாடு அவர் வாழ்க்கையில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் இந்த வாக்கியம்தான் என் காதில் விழுகிறது.

பாடத்தைத் தமிழிலேயே நடத்தினார். கதிர்கள் வந்து சேரும் புள்ளிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று என்னிடம் வந்து கேட்டார். நான் நிகண்டிலிருந்து பெரிய பெரிய சொல்லாக எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூடுமிடம்னு வச்சிக்கலாமா? பிள்ளைங்க வாயில நுழையும்" என்றார். அதுவே நிலைத்தது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடந்ததெல்லாம் அந்த இடத்தைப் பற்றியதுதான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு நட்சத்திரம் வேண்டும் என்றார்கள். ஜிகினாத் தாளில் வெட்டி ஒட்டுவதுதான் வழக்கம். ரூத் அம்மாளுக்கு அது போதவில்லை. குழிக்கண்ணாடியின் கூடுமிடத்தில் ஒரு விளக்கை வைத்தால், வெளிச்சம் கண்ணாடியில் பட்டுச் சிதறாமல் நேர்கோடாகப் புறப்பட்டு மண்டபத்தின் மறுகோடிவரை போகும். அதையே நட்சத்திரமாக்கிவிட்டார். சனிக்கிழமை ஒத்திகையில் அந்த ஒளி குழந்தை படுத்திருக்கும் தொட்டியில் போய் விழுந்தபோது பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒத்திகை முடிந்ததும் சாமான்களை மாடி அறைக்குக் கொண்டுபோய் ஜன்னலோரத்து மேஜையில் வைத்தார்கள். கண்ணாடி ஜன்னலைப் பார்த்துச் சற்றே மல்லாந்து நின்றது. இரவு வானத்துக்காக ஒட்டிய கறுப்புக் காகிதத் தட்டியும், மாட்டுக்கொட்டகைக்கு வேய்ந்த வைக்கோலும் அதன் முன்னே இருந்தன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் முழுக்க ஆராதனைக்குப் போய்விட்டது. கட்டடத்தில் முனியம்மா ஒருத்திதான் இருந்தாள். அவள் கோயிலுக்குப் போகிற சாதி, சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் மாடியில் புகை வருவதைப் பார்த்துக் குடத்துத் தண்ணீரோடு ஓடியிருக்கிறாள். வைக்கோல் பற்றி எரிந்து ஜன்னல் திரையில் ஏறியிருந்தது. திரையைக் கையாலேயே பிடுங்கி எறிந்து, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி, தீ கூரைக்குப் போகாமல் அணைத்தவள் அவள். முழங்கை வரை வெந்துபோயிற்று. ஆராதனை முடிந்து திரும்பிவந்த மானேஜர் கண்டது கரிந்த அறையையும், அதன் நடுவே ஈரச் சேலையோடு நிற்கிற முனியம்மாவையும். விளக்குமாறு வைக்கும் மூலையைத் துழாவினார்கள். ஓர் அகல் விளக்கு கிடைத்தது. தீர்ந்தது வழக்கு.

அது கார்த்திகை மாதம். தமிழர் வீட்டில் அகல் இல்லாமல் இருக்குமா? ஒருவருக்கும் தெரியாமல் மாடியில் விளக்கேற்றிச் சாமி கும்பிட்டிருக்கிறாள், அதில் தீப்பிடித்தது என்று முடிவு கட்டினார்கள். நட்ட நடுப்பகலில் கார்த்திகை விளக்கு யார் ஏற்றுவார்கள் என்று ஒரு மனிதருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தி சாய்ந்தபின் ஏற்றுவதுதானே அது! நான் கேட்டேன். "உங்கள் மதத்து விஷயம், நீங்கள் பரிந்து பேசுவது சகஜம்தான்" என்று மானேஜர் புன்னகை செய்தார். அகலில் எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லை, தூசிதான் இருந்தது. அதையும் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் முனியம்மா கையில் கட்டோடு வெளியே அனுப்பப்பட்டாள். தீயை அணைத்தவளுக்குத் தீ வைத்தவள் என்று பெயர்.

ரூத் அம்மாள் அன்று சாயங்காலமே அந்த அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். கரிந்துபோன தட்டியின் மரச்சட்டத்தை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "இங்க பாருங்க ஐயா. விளக்கு சாஞ்சு பத்தியிருந்தா ஒரே இடத்துல கருகியிருக்கும். இது ஊர்ந்துகிட்டே வந்திருக்கு." மரத்தில் புழு அரித்ததுபோல ஒரு மெல்லிய கரிக்கோடு மேற்கிலிருந்து கிழக்காக ஓடி, காகிதம் தொடங்கும் இடத்தில் முடிந்திருந்தது. வெயில் கிழக்கேயிருந்து மேற்கே நகரும்போது கண்ணாடி சேர்த்த சூடு எதிர்ப்பக்கமாக நகர்ந்திருக்கிறது. மரத்தைப் பொசுக்கிக்கொண்டே வந்து, கறுப்புக் காகிதத்தைத் தொட்டதும் பற்றிவிட்டது.

எனக்குப் பாதி புரிந்தது. கண்ணாடி வருஷம் முழுவதும் அங்கேதானே இருக்கிறது, இத்தனை நாள் ஏன் எரியவில்லை என்றேன்.

"ஆடி ஆவணியில இந்த ஜன்னலுக்குள்ள வெயில் வருமா? வராது. கார்த்திகை மார்கழியிலதான் சூரியன் தெற்க சாஞ்சு உள்ள நுழையும். அப்புறம் இன்னொண்ணு. சனிக்கிழமை ஒத்திகையில கண்ணாடிக்கு முன்னால விளக்கு எந்த இடத்துல இருந்துச்சோ, அந்த இடத்துக்கே வைக்கோலையும் தட்டியையும் நகர்த்தி வச்சிருக்கேன். விளக்கு வெளிச்சம் போற வழியும், வெயில் வர்ற வழியும் ஒண்ணுதானே?" கரிந்த சட்டத்தைக் கீழே வைத்தார். "நகர்த்தி வச்சது நான். கண்ணாடிய மூடாம விட்டதும் நான். முனியம்மா இல்ல."

மறுநாள் மானேஜரைப் பார்க்கப் போனார். "நீங்களும் கூட வாங்க. நான் சொன்னத அவர் அப்புறம் வேற மாதிரி சொல்லுவார்" என்று என்னையும் அழைத்தார். எவ்வளவு சரியாகக் கணித்திருக்கிறார் பாருங்கள்! மானேஜர் எல்லாவற்றையும் கேட்டார். மாடிக்கு வந்து, பின்னேரத்து மங்கல் வெயிலில் தாமே சோதனை செய்தார். பாடப் படத்தில் அந்தக் கண்ணாடி எந்த வட்டத்தின் துண்டு என்று போட்டிருந்ததோ, அந்த வட்டத்தின் நடுப்புள்ளியில் காகிதத்தை நீட்டிப் பிடித்தார். வெளிறிய ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. "எங்கே தீ?" என்று சிரித்தார்.

"அது வட்டத்தோட நடு, சார். வெயில் கூடுமிடம் அதுல பாதி தூரத்துல இருக்கு. எங்க பிள்ளைங்களும் முதல்ல இந்தத் தப்பதான் பண்ணுவாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னார், எனக்கு அதில் இன்றைக்கும் பரம சந்தோஷம்.

மானேஜர் சிரிப்பை நிறுத்தினார். கதவைச் சாத்திவிட்டு, இதமான குரலில் பேசினார். "மிஸ் ரூத், கொஞ்சம் பிராக்டிகலா யோசிங்க. கண்ணாடியால தீப்பிடிச்சதுன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? பொண்ணுங்கள வச்சு நெருப்போட விளையாடறாங்கன்னு ஊர் பேசும். கமிட்டி உங்க வகுப்ப இழுத்து மூடிடும். ஆயாவுக்கு என்ன, நல்லபடியா ஒரு சர்டிபிகேட் குடுத்தா வேற எடத்துல பெருக்கப் போறா. நீங்க பாடுபட்டுக் கட்டின வகுப்பு அப்படியே இருக்கும். ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

இதில் மிரட்டல் இல்லை, உரத்த பேச்சும் இல்லை. அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் தப்பில்லை என்பதுதான் கொடுமை. ரூத் அம்மாள் அந்த வகுப்புக்காகத் தேய்ந்த செருப்பு எத்தனை என்று எனக்குத் தெரியும். கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளாதவர். அந்த அறைதான் அவருக்கு வீடு. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சும்மா இருந்தா அவ கையில வெந்த புண்ணு ஆறிடுமா சார்?" என்றார். "பொங்கலுக்கு முந்தின வாரம் சூரியன் இதே இடத்துக்குத் திரும்பி வரும். கமிட்டிய வரச் சொல்லுங்க. முனியம்மாவையும் கூப்பிடணும். அவ பாக்காம நான் செய்ய மாட்டேன்."

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் கமிட்டி வந்தது. வர வைத்தார் என்பதே சரி; வராவிட்டால் சர்ச்சு வாசலில் செய்து காட்டுவேன் என்று சொல்லியிருந்தார். கண்ணாடியை அதே மேஜையில், அதே சாய்வில் வைத்தார். கூடுமிடத்தில் கறுப்புக் காகிதமும் ஒரு கை வைக்கோலும். பக்கத்தில் முனியம்மா ஒரு குடம் தண்ணீரோடு நின்றாள். அன்று தீப்பிடித்த நேரம் வந்தது, போயிற்று. ஒளிப்புள்ளி காகிதத்துக்கு மேற்கே சட்டத்தில் கிடந்தது, காகிதத்தைத் தொடவில்லை. மானேஜர் கடிகாரத்தை எடுத்துக் கமிட்டியாருக்குக் காட்டினார். ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கால்மணி பொறுங்க. இந்தச் சமயத்துல சூரியன் கடிகாரத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வரும். மார்கழிக் கடைசியில கடிகாரத்த நம்பக்கூடாது" என்றார் ரூத் அம்மாள். பஞ்சாங்கம் பார்க்கிற எனக்கே அது புதிது. காத்திருந்தோம். புள்ளி சட்டத்தைக் கருக்கிக்கொண்டு நகர ஆரம்பித்தது. காகிதத்தை நெருங்கும் நேரத்தில் சட்டென்று மறைந்துவிட்டது. மேகம் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். மானேஜர் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வந்து நின்றிருந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் ரூத் அம்மாள். "வெயில மறைக்கிறீங்க."

அவர் தள்ளி நின்றார். புள்ளி காகிதத்தில் ஏறியது. ஒரு நூல் புகை, நடுவில் ஒரு சிறு ஓட்டை, அதன் ஓரம் சிவந்தது, வைக்கோல் பற்றிக்கொண்டது. ஒருவரும் அசையவில்லை. முனியம்மாதான் இரண்டாம் முறையும் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அணைத்துவிட்டுக் கமிட்டியாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தக் கண்ணாடியும் அவ்வளவு கூர்மையாகக் குவித்திருக்க முடியாது.

இதோடு நியாயம் கிடைத்தது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்குக் கமிட்டிகளைத் தெரியாது. மறுவாரம் காலை ஜெபக் கூட்டத்தில் மானேஜர் எழுந்து, முனியம்மாவை மன்னித்து மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டதாக அறிவித்தார். மன்னித்து! எதற்கு மன்னிப்பு? வெந்த கைக்கா? பிள்ளைகள் கைதட்டத் தயாரானார்கள். ரூத் அம்மாள் தம் இடத்தில் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"மன்னிக்க ஒண்ணும் இல்ல, சார். அவங்க தப்பு செய்யல. தப்பு செஞ்சது நான். மன்னிப்பு கேக்க வேண்டியது நாம."

அன்று மத்தியானமே விஞ்ஞான வகுப்பு மூடப்பட்டது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். கண்ணாடிக்கு ஓர் உறை போட்டிருந்தால் போதும் பாதுகாப்பு! ரூத் அம்மாளைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்கள். அவர் "கேட்டு வாங்கிக்கொண்டார்" என்று மானேஜர் சொன்னாரே, அது இதுதான். கேட்டுக்கொள்ளுங்கள், நண்பர்களே, இப்படித்தான் அவர் "தாமாகவே" போனார்.

அவருக்குத் தையல் வராது. ஊசியில் நூல் கோக்கவே பாவம், ஒரு பீரியட் ஆகும். அவர் வைத்த ஒட்டு வாரத்துக்குள் பிரிந்துவிடும். அவர் வகுப்புப் பெண்கள் தைத்த கைக்குட்டைகள் நான்கு மூலையும் நான்கு திசையாக இழுக்கும். ஆனால் அந்தப் பெண்கள் விரலில் மாட்டும் தையல் குப்பியைத் துடைத்து, அதில் ஜன்னல் ஏன் வளைந்து சின்னதாகத் தெரிகிறது என்று தங்களுக்குள் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கே போனாலும் மலர்ந்தார் என்று இதற்காக யாரும் பாட வேண்டாம். ஒரு வகுப்பு மூடப்பட்டது. அதில் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண்கள் வருஷா வருஷம் வெளியே போனார்கள். அந்த மாடி அறையில் இன்று உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. ஒரு முறை அதைக் கடந்து போகும்போது அவரிடம் கேட்டேன், சும்மா இருந்திருக்கலாம் என்று எப்போதாவது தோன்றியதுண்டா என்று.

"தோணும்" என்றார். "ஒவ்வொரு கார்த்திகையிலயும் தோணும். அப்புறம் கீழ முனியம்மா பெருக்கற சத்தம் கேக்கும்."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவர் என் வீட்டுக்கு வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே அந்தக் குழிக்கண்ணாடி. "பள்ளிக்கூடம் வேணாம்னு ஒதுக்கினது. உங்ககிட்ட இருக்கட்டும். மூடியே வைங்க" என்றார். பையை அவரே தைத்திருந்தார். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். ஓரம் மடித்தது பாதி தூரத்தில் நின்றுபோயிருக்கிறது. நூலின் நிறம் இரண்டு இடத்தில் மாறுகிறது.

இப்போது மண்டபச் சுவரில் பளிங்குக் கல் ஒன்று பதிக்கப் போகிறார்களாம். "தையல் கலையில் தம்மை அர்ப்பணித்துக்கொண்ட" என்று தொடங்கி ஒரு வெண்பா எழுதித் தர வேண்டும் என்று என்னிடம் ஆள் அனுப்பினார்கள். என் கை அதை எழுதாது என்று சொல்லியனுப்பிவிட்டேன். அந்தப் பொய்யைக் கல்லில் பொறிப்பதற்கு முன் மானேஜர் ஒரு முறை என் வீட்டுக்கு வந்து இந்தப் பையைப் பார்த்துவிட்டுப் போகட்டும். தையலை விரும்பிக் கேட்டு வாங்கியவர் தைத்த பைதானா இது என்று அவரே சொல்லட்டும். ரூத் அம்மாளிடமிருந்து என்னிடம் இருப்பவை இந்தக் கோணல் பையும், அதனுள் இருக்கும் கண்ணாடியும், கூடுமிடம் என்ற ஒரு சொல்லும்தான்.

வருகிற மார்கழியில் என் வீட்டுத் தெற்கு ஜன்னலில் ஒரு முற்பகல் அந்தக் கண்ணாடியைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைக்கப் போகிறேன். முனியம்மா குடத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருப்பேன். கூட்டத்தில் தலையாட்டியவர்கள் எல்லோரும் வாருங்கள், உங்கள் பெண் குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். மானேஜரும் வரலாம். அவர் ஒன்றும் பேச வேண்டியதில்லை. வெயிலை மறைக்காமல் தள்ளி நின்றால் போதும்.